இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஊற்று இல்லை

இந்த அறையின் கதவு நன்றாக மூடுகிறது. உள்ளே வந்ததும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். நிலைக்கும் கதவுக்கும் நடுவே மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி. உங்கள் காவல் நிலையம் கெட்டியான மண்மேல் நிற்கிறது. எங்கள் புத்தகத்தில் நூற்று நாற்பத்தோராம் பக்கம்: "செம்மண், ஆறடிக்குக் கீழே பாறை, கட்டடத்துக்கு ஏற்றது." கட்டியவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருப்பார். இந்த நகரத்தில் எங்கள் புத்தகத்தைப் பார்க்காமல் யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை.

நான் சொல்வதை உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். அவசரம் வேண்டாம். எனக்கு எழுபத்து நான்கு வயது, நிதானமாகத்தான் பேசுவேன். நீங்கள் ஆள் அனுப்புவதற்கு முன்பே நானாக வந்திருப்பேன். ஏழாம் பதிப்பின் மெய்ப்புப் பார்க்கும் வேலை இருந்தது. அது நேற்று முடிந்தது. இனி ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. மறைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

புத்தகத்தின் முழுப்பெயர் "நில விளக்கக் களஞ்சியம்". யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெரிய புத்தகம் என்றால் போதும். அப்பா பத்தொன்பது ஆண்டுகள் இந்த வட்டாரம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும், மண்ணையும் கல்லையும், ஓடையையும் ஊற்றையும் பார்த்து எழுதியது. பின்னட்டைப் பைக்குள் பதினாறு வரைபடங்கள் மடித்து வைத்திருக்கும். நில அலுவலகத்தில் அதை மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். திருட்டுப் பயத்தால் என்று சிலர் சொல்வார்கள். மரியாதையால் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

நாற்பத்தேழு ஆண்டுகளில் ஆறு பதிப்புகள். மற்றவர்களுடைய புத்தகங்களைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கும்: பிழைதிருத்தம். இந்தப் பக்கத்தில் இதை இப்படிப் படிக்கவும், அந்தப் பக்கத்தில் அதை அப்படிப் படிக்கவும். எங்கள் புத்தகத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை. "திருத்தத் தாள் ஒட்டின புத்தகம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி," என்பார் அப்பா. "வீட்டுக்குள்ள போட்டுக்கலாம். நாலு பேர் முன்னாடி நிக்க முடியாது."

அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். எந்த ஊற்றையும் மூன்று வெவ்வேறு மாதங்களில், மூன்று தடவை நேரில் போய்ப் பார்க்காமல் "உண்டு" என்றோ "இல்லை" என்றோ எழுதக்கூடாது. பார்த்த தேதியைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவருக்குப் பிறகு நானும் தம்பியும் அந்த விதியின்படியே வேலை செய்தோம். நான் மேசை, அவன் கால். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அறுபத்து மூன்று வயதிலும் முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்து, என் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பான். எனக்கும் ஒரு களப்பணி உண்டு. மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுதுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. மழையைப் பற்றி இந்த நகரத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் சலவைக்கடை அம்மாள் வந்தார். கிழக்குச் சரிவின் அடியில், தடுப்புச் சுவரை ஒட்டி ஆறு வீடுகள் வரிசையாக இருந்தன அல்லவா, அவற்றில் முதல் வீடு அவருடையது. வீடும் கடையும் ஒன்றுதான்.

"ஐயா, உங்க சட்டையைக் கொண்டாந்திருக்கேன். அப்படியே ஒரு வழக்கும் கொண்டாந்திருக்கேன்."

"சட்டையை அங்க வைங்க. வழக்கைச் சொல்லுங்க."

"நான் திருடியாம். கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. என் கடைக்குப் பின்னால வர்ற தண்ணி நகராட்சிக் குழாய்லேர்ந்து ஒழுகுறதாம். நான்தான் நோண்டி விட்டேனாம். அய்யோ, அது ஊத்துங்கன்னு சொன்னா, நில அலுவலகத்துல இருக்காரே அந்தக் கண்ணாடிக்காரர், அவரு உங்க பெரிய புத்தகத்தைத் திறந்து காட்டுறாரு. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஊத்து இல்லையாம்."

"புத்தகத்துல இல்லேன்னா..."

"புத்தகத்துல நானும்தான் இல்ல. அதுக்காக நான் பொறக்காம இருந்துட்டேனா?"

தம்பி குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறும்வரை சிரித்தான். அந்த அம்மாள் அவனைப் பார்த்து, "சிரிங்க சின்னய்யா. இருபது வருஷமா உங்க அண்ணன் சட்டையை அந்தத் தண்ணியிலதான் துவைக்கிறேன். இல்லாத தண்ணியில துவைச்சா இந்த வெளுப்பு வருமா, நீங்களே சொல்லுங்க," என்றார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் ஐயா. ஒரே ஒரு வரி. இங்க ஊத்து இருக்குன்னு எழுதிக் குடுங்க. பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்க இந்தப் பக்கமே வர்றதில்ல. திருடி வீட்டுல யாரு கை நனைப்பாங்க?"

அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. குடும்ப மானம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணா, ஊத்து இருக்கு. நானே கையை வச்சுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு குடம்."

"குடம் ஒரு அளவா? லிட்டர்ல சொல்லு."

"சரி, பதினாலு லிட்டர். பாறை இடுக்குலேர்ந்து வருது. குழாய்த் தண்ணியில மருந்து வாடை அடிக்கும், இதுல துளிகூட இல்ல."

"அப்பா தப்பா எழுதிட்டார்ங்கறியா?"

"யாரு அப்படிச் சொன்னா? அவர் எழுதினது அன்னிக்கு. இது இன்னிக்கு. ஏழாம் பதிப்புல சின்னதா ஒரு தாள் ஒட்டிடலாம் அண்ணா. அப்பா இருந்தா கோவிச்சுக்கவா போறார்?"

தம்பிக்குத் தெரிந்த அப்பா வேறு. வயதாகி, கண் மங்கி, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிய அப்பா. நான் அவனுக்கு விதியை நினைவூட்டினேன். ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய், இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்றேன். "அவ்வளவுதானே, போயிட்டு வந்தாப் போச்சு," என்றான்.

அன்று மாலை இரும்பு அலமாரியிலிருந்து அப்பாவின் குறிப்பேட்டை எடுத்தேன். சந்தேகத்தால் அல்ல, சரிபார்ப்பது என் தொழில். கிழக்குச் சரிவுக்கு மூன்று தேதிகள் இருந்தன. மூன்றிலும் "ஊற்று இல்லை, ஈரம் இல்லை". இரண்டாவது தேதி என் திருமண நாள்.

என் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. உங்கள் ஆட்களும் பார்த்திருப்பார்கள். அப்பா எனக்கு வலப்பக்கம் கறுப்புக் கோட்டோடு நிற்கிறார். அந்தக் காலத்தில் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கிழக்குச் சரிவுக்குப் போக நான்கு மணிநேரம், திரும்பி வர நான்கு மணிநேரம். நாங்கள் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது காலை பதினொரு மணிக்கு. மாலை விருந்திலும் அவர்தான் எல்லோரையும் வரவேற்றார். ஆனால் அப்பா மிக வேகமாக நடப்பவர். மூன்று தேதிகளும் ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. அப்பா எதையும் வீணாக்க மாட்டார்; பேனாவை ஒரு தடவை எடுத்தால் எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டுத்தான் வைப்பார்.

அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சி அரித்திருந்தது. மற்றப் பக்கங்களுக்குப் பரவிவிடுமே என்று கிழித்து அடுப்பில் போட்டேன். நீங்கள் மூன்று நாளாக என் வீட்டில் தேடும் பக்கம் அதுதான். இனித் தேட வேண்டாம்.

இப்போது நீங்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். ஒரு துண்டுத்தாள் ஒட்டினால் போதும், அந்தக் கண்ணாடிக்காரர் சும்மா இருக்க மாட்டார். எந்தத் தேதியில் பார்த்தீர்கள், குறிப்பேடு எங்கே என்பார். ஒரு பக்கத்தைப் புரட்டியவர்கள் ஆயிரத்து இருநூறு பக்கங்களையும் புரட்டுவார்கள். செத்துப்போன மனிதர் எழுந்துவந்து பதில் சொல்ல முடியாது. புத்தகமும் நிலமும் ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். எல்லோரும் யோசிக்காமல் புத்தகத்தில் கை வைப்பார்கள். புத்தகம் ஒருவருடைய வாழ்நாள். ஊற்று ஒரு கையளவு இடுக்கு. எதைத் திருத்துவது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை பிற்பகல்களில் அந்த அம்மாள் வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொடுக்கப் போவார். நான்கு புதன்கிழமைகள் போனேன். சீக்கிரம் இறுகும் சிமெண்ட் வாங்கி, அதே சரிவின் கல்லைப் பொடித்துக் கலந்தேன். பள்ளிக்கூடங்களுக்கு மலை மாதிரிகள் செய்யும்போது அப்பா சொல்லிக்கொடுத்த கலவை அது. காய்ந்தபின் எது பாறை, எது பூச்சு என்று கண்ணுக்குத் தெரியாது. நான் ஒளிந்து செய்யவில்லை. மூன்றாம் வீட்டுத் தையற்காரர் பின்வாசலில் நின்று பார்த்தார்.

"என்னங்க ஐயா, மலையை அளக்குறீங்களா?"

"ஆமா, சின்ன சரிபார்ப்பு."

"நல்லாப் பாருங்க. போன தடவைக்கு இந்தத் தடவை இளைச்சிருக்கப் போவுது."

அவர்தான் எனக்கு வாளி கொடுத்து உதவினார். நல்ல மனிதர்.

இடுக்கு அடைபட்டதும் தண்ணீர் தடுப்புச் சுவரில் இருந்த ஐந்து கசிவுக் குழாய்கள் வழியாக எட்டிப்பார்த்தது. சுவருக்குப் பின்னால் நீர் சேராமல் இருப்பதற்காகக் கட்டியவர்கள் வைத்த குழாய்கள். அவற்றையும் அடைத்தேன். வேலையைப் பாதியில் விடுவதும் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

ஊற்று நின்றதும் ஊர் என்ன பேசியது என்பது உங்களுக்கே தெரியும். நோட்டீஸ் ஒட்டினார்கள், தண்ணீர் நின்றுவிட்டது, அப்படியானால் திருட்டு உண்மைதான். நான் ஒருவரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. பிறகு சட்டைகளோடு வந்தபோது, "தண்ணி என்மேல கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு ஐயா," என்றார். அதற்குமேல் வேடிக்கை எதுவும் பேசவில்லை. வெளுப்பும் முன்போல் இல்லை. அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி இரண்டாம் தடவை போனான். திரும்பி வந்து நெடுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பொட்டு ஈரம் இல்ல அண்ணா. எனக்கே வெட்கமா இருக்கு. இந்தக் கைதானே நனைஞ்சுது?" குறிப்பேட்டில் "இல்லை" என்று எழுதினான். நேர்மையானவன். அவனை நான்தான் வளர்த்தேன்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. என் மானியில் அறுநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். பதினெட்டு ஆண்டுகளில் அதிகம்.

எங்கள் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சரிவு நகர்வதற்கு முன்னால் தெரியும் ஏழு அறிகுறிகளைப் பற்றியது. அதை எழுதியது அப்பா இல்லை, நான். மூன்றாம் பதிப்பில் சேர்த்தேன். பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆகவே மழை விட்டதும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். வேலிக்கல் ஐந்து சாய்ந்திருந்தன. சரிவின் தோள்பட்டையில் பிறைபோல ஒரு வெடிப்பு. என் கைத்தடியை விட்டுப் பார்த்தேன், பிடிவரை இறங்கியது. தடுப்புச் சுவர் நடுவில் லேசாகத் தொப்பை போட்டிருந்தது. எல்லாம் நான் எழுதிய வரிசையிலேயே நடந்துகொண்டிருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான்காம் அறிகுறியை அந்த அம்மாளே கொண்டுவந்தார்.

"ஐயா, என் வீட்டுக் கதவு மூட மாட்டேங்குது. மேல் மூலையில இடிக்குது."

"மழையில மரம் ஊறியிருக்கும். தச்சரைக் கூப்பிட்டு அரை விரல் இழைக்கச் சொல்லுங்க."

"மழை விட்டு மூணு வாரம் ஆச்சே ஐயா. ஊறுன மரம் இந்நேரம் காஞ்சிருக்காதா?"

எழுத்துப் படிக்காதவர், ஆனால் எவ்வளவு சரியான கேள்வி. வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பேன். "அரை விரல் போதாட்டி முக்கால் விரல்," என்றேன். அவர் அப்படியே செய்தார். என் சொல்லை அந்தத் தெருவில் யாரும் தட்டுவதில்லை.

அப்போதாவது குழாய்களைத் திறந்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். திறந்தால் தண்ணீர் வரும்.

இரண்டு நாள் கழித்து, காலை உணவு முடிந்ததும், தம்பி செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். "ஒரு தடவை உண்டு, ஒரு தடவை இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு சமம் அண்ணா. இன்னிக்குப் பார்த்தாத்தான் தீர்ப்பு. அந்தம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவன் என் பேச்சை மீறியதில்லை. ஆனால் மூன்றாம் பார்வையைத் தடுப்பது அப்பாவின் விதியை மீறுவதாகும். என் வாழ்நாளில் அந்த விதியை நான் மீறியதில்லை. மழை விட்டு அன்று இருபத்து மூன்றாம் நாள். கடும் வெயில். தொப்பியை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேன்.

பத்து நாற்பதுக்கு என் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளை மெல்ல ஒலித்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மெய்ப்பில் அந்தப் பக்கத்தின் கடைசி வரிவரை படித்துவிட்டு எழுந்தேன்.

தம்பியின் குறிப்பேட்டை மண்ணுக்குள்ளிருந்து எடுத்து எனக்குக் காட்டினீர்கள். அதற்கு நன்றி. கையெழுத்து அவனுடையதுதான். "10.22. இடுக்கில் சிமெண்ட். கல்பொடி கலந்தது. அண்ணன் கலவை. சுவர் வியர்க்கிறது." அதற்குப் பின் எழுத்தில்லை. அந்தப் பதினெட்டு நிமிடத்தில் அவன் சரிவுக்கு எதிர்ப்பக்கம் ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். அவன் ஆறு வீட்டுக் கதவையும் தட்டப் போனான். பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சலவைக்கடை அம்மாளின் கதவு திறக்கவில்லை. மூடாத கதவு கடைசியில் திறக்காத கதவாகும். அது ஆறாம் அறிகுறி. அவர் உள்ளேயிருந்து தள்ள, தம்பியும், தெருவிலிருந்து கடப்பாறையோடு திரும்பி வந்த தையற்காரரும் வெளியேயிருந்து இழுத்திருக்கிறார்கள். மூவரும் அந்த வாசலிலேயே கிடைத்தார்கள்.

தம்பிக்காக நான் அழவில்லை என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். ஏழாம் பதிப்பின் முதல் பக்கத்தில் அவனுக்குக் கறுப்புக் கட்டமிட்டு நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆனால் வேலை வேறு, பாசம் வேறு. அன்று அவன் அளவு எடுக்கவில்லை. உண்டு, இல்லை என்று முடிவும் எழுதவில்லை. ஆகவே மூன்றாம் பார்வை நிறைவு பெறவில்லை. விதிப்படி அது செல்லாது. பக்கம் அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றை அடைத்தது நான். குழாய்களை அடைத்தது நான். சரிவு விழும் என்று எனக்குத் தெரியும்; என்னைவிட நன்றாக இந்த நகரத்தில் யாருக்கும் தெரியாது. மூன்று பேர் சாவுக்கும் நான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அப்பா தவறாக எழுதினார் என்று அரை வரி இருந்தாலும் போட மாட்டேன். வேண்டுமானால் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஊற்று இல்லை, ஈரம் இல்லை. மழை விட்டு இன்றோடு அறுபத்து நான்கு நாள். இடையில் ஒரு துளி கிடையாது. இன்று காலை இங்கே கிளம்புவதற்கு முன்பும் மானியைப் பார்த்தேன், சுழியம்.

என்ன படம் இது? கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று எடுத்ததா? தேதி போட்டிருக்கிறது. சரிந்த மண்ணுக்கு நடுவே, ஆமாம், அந்த அம்மாளின் துவைக்கல் தெரிகிறது. அதன்மேல் வழிந்தோடுகிறது. தெளிவாகத்தான் இருக்கிறது. பிழைத்தவர்களில் யாரோ ஒரு பெண் குடம் வைத்துப் பிடிக்கிறாள். குடம் நிரம்பித் தளும்புகிறது.

இது மழைத்தண்ணீர். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.